படகு டிரெய்லரில் எங்கே போல்ட், எங்கே வெல்டிங்

மாட்டுங்காவிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 17 அடி ஃபைபர் படகு ஒன்றும், அதை ஏற்றிப் போகப் பழைய டிரெய்லர் ஒன்றும் வாங்கியிருக்கிறார். சேஸியும் சக்கரமும் நன்றாகத்தான் இருந்தன. படகைக் கயிறு சுற்றி இழுத்து ஏற்றுகிற வின்ச் நிற்கும் கம்பம் இல்லை, படகு உட்காரும் பலகைகள் இல்லை, மட்கார்டு ஒரு பக்கம் மட்டும். "தம்பி, எல்லாத்தையும் கெட்டியா வெல்டிங் அடிச்சுக் குடுத்துடு. ஆடக்கூடாது, அசையக்கூடாது" என்றார்.

"வெல்டிங் வேண்டாம் சார், போல்ட் போட்டுத் தரேன்" என்றேன்.

அவர் என் பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார். மூன்று வெல்டிங் மெஷின், மூலையில் ராடு பெட்டிகள், சுவர் முழுக்க கிளாம்ப். இட்லிக் கடைக்காரனே வந்து இட்லி வேண்டாம், உப்புமா சாப்பிடுங்கள் என்று சொன்னால் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தார். அன்று அவரிடம் நின்றுகொண்டே சொன்னதை இங்கே கொஞ்சம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பட்டறை மும்பையில், தாருகானாவில் இருக்கிறது. ரே ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம். பெயரைச் சொன்னால் ஊரில் சாராயக்கடை என்று நினைத்துச் சிரிப்பார்கள். இந்த இடத்துப் பெயரில் 'தாரு' என்பது வெடிமருந்து. பக்கத்திலேயே கப்பல் உடைக்கிற இடம், பழைய இரும்புச் சந்தை. 19 வயதில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சியுடன் வந்து இங்கேதான் தொழில் கற்றேன். முதல் பத்து வருஷம் கையில் கிடைத்ததையெல்லாம் வெல்டிங் அடித்தவன்தான் நானும்.

அப்படி அடித்ததில் ஒன்று ஒரு வின்ச் கம்பம். படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, இழுத்து நிறுத்துகிற கம்பம் அது. டிரெய்லரின் முன்சட்டத்தின் மேல் நிற்கும். நல்ல கால்வனைஸ், அதாவது துத்தநாகப் பூச்சு, போட்ட சட்டத்தின் மேல் 6 மி.மீ. பிளேட் வைத்து நான்கு பக்கமும் சுற்றி அடித்தேன். வெல்டிங் தையல் பார்க்க அழகாக இருந்தது. சில்வர் பெயிண்ட் அடித்ததும் இன்னும் அழகு. இரண்டு மழைக்காலம் கழித்து அதே ஆள் டிரெய்லரோடு வந்தார். படகை மாற்றிவிட்டார், புதுப் படகு ஓர் அடி நீளம் கூட. கம்பத்தை முன்னால் தள்ள வேண்டும். போல்ட் போட்டிருந்தால் அரை மணி நேர வேலை. நான் கிரைண்டரை எடுத்து என் அழகான தையலை நானே அறுத்தேன். பிளேட்டைப் பெயர்த்ததும் அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது, சரியாக கட்டிங் சாயா நிறத்தில். சுற்றி அடைத்திருந்த தையலில் எங்கோ ஊசிமுனை ஓட்டை இருந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் உள்ளே போக வழி இருந்தது, வெளியே வர வழி இல்லை. 4 மி.மீ. சட்டம் அந்த இடத்தில் விரலால் தட்டினால் பொத்தென்று சத்தம் போட்டது.

அன்றிலிருந்து எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் இரண்டு விஷயம் பார்ப்பேன். இதை என்றைக்காவது நகர்த்தவோ கழற்றவோ வேண்டி வருமா? இதை மாட்டப்போகிற இரும்பின் மேல் துத்தநாகம் ஏற்கெனவே ஏறிவிட்டதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும் வெல்டிங் மெஷினை ஆன் செய்ய மாட்டேன். படகு டிரெய்லரில் சேஸியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு 'ஆமாம்' வந்துவிடும்.

துத்தநாகம் வெந்துபோவது

படகு டிரெய்லர் மற்ற டிரெய்லர் மாதிரி மழையில் மட்டும் நனைவதில்லை. சரிவில் பின்பக்கமாக இறங்கிச் சக்கரம் மூழ்கக் கடலுக்குள் போய் வருகிறது. மும்பையில் பெரிய ஏற்றவற்றத்தின்போது தண்ணீர் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நேரம் பார்த்து இறக்காவிட்டால் ஆக்சில் வரைக்கும் இல்லை, விளக்கு வரைக்கும் உப்பில் நிற்க வேண்டியதுதான். இதற்கு பெயிண்ட் தாங்காது. அதனால்தான் சேஸியை ஏறக்குறைய 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். 6 மி.மீ.க்கு மேற்பட்ட இரும்பில் சராசரியாக 85 மைக்ரான், 3 முதல் 6 மி.மீ. வரை 70 மைக்ரான் என்பது தர அளவு. தலைமுடி தடிமன்தான், ஆனால் இரும்போடு கலந்து பிடித்த தோல் அது. ஒரு கீறல் விழுந்தாலும் பக்கத்துத் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும்.

துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகும். வெல்டிங் தீப்பொறி அதைவிடப் பல மடங்கு சூடு. ஆக, கால்வனைஸ் சட்டத்தில் ராடு வைத்த இடத்தில், இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் போய்விடும். சட்டம் உள்ளே குழல் என்றால் உள்சுவரிலும் போகும். அங்கே எந்த பிரஷ்ஷும் எட்டாது. வெளியே துத்தநாகத் தூள் நிறைந்த பெயிண்ட் அடிக்கலாம், 100 மைக்ரானுக்குக் குறையாமல், சுத்தமாகத் தேய்த்த இரும்பின் மேல். தவறில்லை. நானும் அடிக்கிறேன். ஆனால் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கொண்டுவருவது வெறும் அலுமினிய நிறப் பெயிண்ட். டப்பாவில் துத்தநாகம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெள்ளி நிறம் இருப்பதால் மட்டும் துரு நிற்காது.

இன்னொன்று, புகை. கால்வனைஸ் மேல் அப்படியே அடித்தால் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி புகை வரும். சாயங்காலம் உடம்பு நடுங்கி, வாயில் உலோகச் சுவையோடு காய்ச்சல் வரும். அடுத்த நாள் போய்விடும். வெல்டர்கள் பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். என் அண்ணாச்சியும் அரை லிட்டர் பால் வாங்கித் தருவார். பாலுக்கு நன்றி, ஆனால் நுரையீரலுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. தேய்த்துத் துத்தநாகத்தை எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில், தகுந்த முகமூடியோடு அடிக்க வேண்டும்.

விரிசல் எங்கே பிறக்கிறது

துருவைவிட எனக்குப் பயம் விரிசல். நான் அடித்த ஒரு பலகைத் தாங்கி அதைக் காட்டிக் கொடுத்தது. முன்சட்டத்தின் அடியில், சட்டத்துக்குக் குறுக்காக ஒரு பட்டை வைத்து, அகலம் முழுக்க ஒரே தையலாக அடித்திருந்தேன். ஏழெட்டு மாதத்தில் அந்தத் தையலின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மேலே சாக்பீஸ் தூள் தூவினால் உள்ளே இருக்கும் எண்ணெய் ஊறிக் கோட்டைக் காட்டும், பழைய வித்தை. கோடு சட்டத்தின் பாதி அகலம் ஓடியிருந்தது. வண்டி ரோட்டில் இருந்தபோது அது முழுதாக ஓடியிருந்தால் முன்சட்டம் இரண்டாகியிருக்கும், படகு பின்னால் வருகிற பஸ்ஸுக்குப் போயிருக்கும்.

வெல்டிங் விட்டுப்போனதல்ல அது. வெல்டிங் நன்றாகவே பிடித்திருந்தது, பக்கத்து இரும்புதான் பிளந்தது. வெல்டிங் முடிகிற ஓரத்தில் அழுத்தம் குவியும். வெந்து ஆறிய இரும்பு அங்கே தன் குணத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கும். ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் சட்டம் வளைந்து நிமிரும்போது அந்த ஓரம்தான் முதலில் சோர்கிறது. மும்பை ரோட்டில் பள்ளத்துக்குப் பஞ்சமா?

அதனால் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். காரோடு டிரெய்லரை மாட்டுகிற ஹிட்ச்சுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் முன்சட்டத்தின் அடிப்பக்கம் இழுபடும். ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியில் மேல்பக்கம் இழுபடும். இழுபடும் பக்கத்தில் குறுக்காகத் தையல் போடவே கூடாது, துளையும் போடக் கூடாது. சட்டத்தின் உயரத்தில் நடுவில், அதாவது பக்கச் சுவரின் மையத்தில், வளைவின் அழுத்தம் மிகக் குறைவு. துளையென்றால் அங்கே. வெல்டிங் தவிர்க்கவே முடியாதென்றால் அங்கே, நீளவாக்கில், மேல் கீழ் விளிம்புகளிலிருந்து ஓர் அங்குலமாவது விட்டு.

துளையே போடாமல் மாட்டவும் வழி உண்டு: சதுர யு-போல்ட். சட்டத்தைக் கட்டிப்பிடித்து மறுபக்கம் ஒரு பட்டையில் இறுகும். பலகைத் தாங்கி, வின்ச் கம்பம், ஸ்டெப்னி, வழிகாட்டிக் கம்பி எல்லாவற்றுக்கும் இதுவே போதும். நகர்த்தலாம், மாற்றலாம், துத்தநாகத் தோலும் கெடாது. ஒன்றே ஒன்று கவனம். யு-போல்ட்டின் உள் அகலம் சட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். 50 மி.மீ. சட்டத்துக்கு 60 மி.மீ. யு-போல்ட் போட்டு இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு மாதத்தில் கோணிக்கொள்ளும். இறுக்கும்போது ஒரு பக்கம் முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போகாமல், இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். சுவர் மெலிந்த சட்டமென்றால் ரொம்பவும் இறுக்கி நசுக்கிவிடாதீர்கள்.

வெல்டிங் எங்கே வேண்டும்

நான் வெல்டிங்கை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சேஸியின் முக்கிய மூலைகள், குறுக்குச் சட்டங்கள், கமான் பட்டையைத் தாங்கும் தொங்கல்கள், இவையெல்லாம் வெல்டிங்தான். இவை நகரப்போவதில்லை, போல்ட் போட்டால் ஓட்டைகளில் தளர்ந்து ஆட ஆரம்பிக்கும். ஈரம் வாங்காமல் சூடாக்கி உலர்த்திய 7018 ராடு, அல்லது சிஓடூ வயர். மூலைத் தையலின் ஒரு பக்க அகலத்தைக் கால் என்போம்; 6 மி.மீ. கால் உள்ள தையலில் சுமை தாங்கும் குறுக்களவு அதில் 0.7 பங்குதான், அதாவது 4.2 மி.மீ. தான். ஆகவே மேலே வீங்கித் தெரிகிற தையலைப் பார்த்து ஏமாறாதீர்கள். வேர் வரைக்கும் உருகியதா என்பதுதான் கணக்கு.

எல்லா வெல்டிங்கும் துத்தநாகத் தொட்டிக்குப் போவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். நான் இப்போது செய்கிற முறை இதுதான். வின்ச் கம்பம் என்றால் கம்பம், அடிப்பிளேட், முட்டு எல்லாவற்றையும் மேஜையிலேயே வெல்டிங் அடித்து ஒரே பாகமாக்குவேன். பிளேட்டில் யு-போல்ட்டுக்கான துளைகளையும் அப்போதே போட்டுவிடுவேன். பிறகு தலோஜா பக்கம் கால்வனைஸுக்கு அனுப்புவேன். திரும்பி வந்ததும் டிரெய்லரில் போல்ட். வெல்டிங்கின் பலமும் கிடைத்தது, தோலும் கிழியவில்லை, நகர்த்தவும் முடியும். மாட்டுங்கா சாருக்குச் செய்து கொடுத்ததும் இதைத்தான்.

தொட்டிக்கு அனுப்பும் முன் ஒரு எச்சரிக்கை. இரண்டு முனையும் அடைத்த குழாயை அப்படியே அனுப்பாதீர்கள். உள்ளே மாட்டிய காற்றும் ஈரமும் 450 டிகிரியில் வீங்கிக் குழாய் வெடிக்கும்; உருகிய துத்தநாகம் தெறித்தால் பக்கத்தில் நிற்கிற ஆள் கதி என்ன? ஒவ்வொரு மூடிய குழாய்க்கும் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை வேண்டும். அந்தத் துளைகள் பின்னாளில் கடல் தண்ணீர் வடியவும் உதவும், எனக்கு அந்தச் சாயா கிடைக்காது. பிளேட்டின் மேல் பிளேட் வைத்து அடித்தாலும் இதே பிரச்சினைதான்: தொட்டிக்கு முன் இரும்பைக் கழுவுகிற அமிலம் இடுக்கில் தங்கி, தொட்டியிலிருந்து வந்த சில வாரத்தில் பழுப்பாகக் கண்ணீர் வடிக்கும்.

அவசரத்துக்கு டிரெய்லரிலேயே ஏதாவது வெல்டிங் அடிக்க வேண்டி வந்தால் அர்த் கிளாம்பை அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். பின்னால் எங்கோ மாட்டினால் மின்சாரம் சக்கர பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் கத்தும்போது யாருக்கும் காரணம் புரியாது. காரிலிருந்து டிரெய்லரைக் கழற்றிவிட்டு, விளக்கு வயரையும் பிரித்துவிட்டு அடியுங்கள்.

போல்ட் வாங்குவது

போல்ட்டுக்கு நான் போவது நாக்தேவி தெரு. ஒரு நாள் முழுக்க நடந்தாலும் கடை தீராது. அங்கே "அச்சா போல்ட்" என்று சொல்லி எதையும் கொடுப்பார்கள், அதனால் தலையைப் படியுங்கள். 8.8 என்று பொறித்திருந்தால் முதல் எட்டு என்பது சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் இழுவைப் பலம். இரண்டாவது எட்டு அதில் 80 சதவீதத்தில், அதாவது 640-ல் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று அர்த்தம். எம்12 போல்ட்டின் மரையில் 84 சதுர மி.மீ. பரப்பு இருக்கிறது. ஆக ஒரு போல்ட் அறுந்துபோக ஆறரை டன்னுக்கு மேல் இழுக்க வேண்டும். தலையில் எதுவுமே எழுதாத போல்ட் 4.6 ஆகவே இருக்கட்டும், அதில் பாதிதான். மட்கார்டுக்கு அது போதும். ஹிட்ச்சுக்கும் வின்ச்சுக்கும் ஆக்சிலுக்கும் 8.8-க்குக் கீழே இறங்காதீர்கள். 12.9 இன்னும் பலம் என்று ஒரு தம்பி வாங்கி வந்தான். அவ்வளவு கடினமான போல்ட்டைத் தொட்டியில் முக்கவும் கூடாது, உப்பில் விடவும் கூடாது; சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன்.

அடுத்தது பூச்சு. பளபளவென்று மஞ்சளாகவோ நீலமாகவோ மின்னுகிற போல்ட் மின்முலாம் பூசியது. பூச்சு சில மைக்ரான்தான், வெர்சோவா கடற்கரைக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. மங்கலாகச் சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதுதான் தொட்டியில் முக்கியது. அதை வாங்குங்கள், அதற்கான நட்டோடு சேர்த்து வாங்குங்கள். பூச்சு தடிமன் என்பதால் அந்த நட்டின் மரையைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டியிருப்பார்கள். சாதா நட்டைக் கட்டாயப்படுத்தித் திருகினால் பூச்சு உரிந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கால்வனைஸ் சேஸியில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாம். சின்ன போல்ட், பெரிய துத்தநாகப் பரப்பு, அதனால் அரிப்பு பரவலாகப் பிரிந்துவிடும். ஆனாலும் வாஷரைச் சுற்றி ஒரு வளையம் முதலில் வெளுக்கும். நேர்மாறாக, பெரிய ஸ்டெயின்லெஸ் பிளேட்டில் கால்வனைஸ் போல்ட் போட்டீர்களோ, அந்த போல்ட் கரும்புச் சக்கை மாதிரி ஆகிவிடும். வாங்குவதாக இருந்தால் 316, அதாவது தலையில் ஏ4 என்று இருப்பது. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. உப்பை அதுதான் எதிர்க்கிறது. சாதா 304 ரகம் கடலோரத்தில் தேநீர்க் கறை பிடிக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் ஸ்டெயின்லெஸ் நட்டை வறட்சியாக வேகமாகத் திருகினால் மரை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு மரை கழன்ற கதைதான், கழற்றவும் முடியாது இறுக்கவும் முடியாது, அறுக்க வேண்டும். ஒட்டாமலிருக்கும் பசையைத் தடவி, மெதுவாக, கையால் திருகுங்கள்.

வெளிநாட்டு அலுமினிய டிரெய்லர் எப்போதாவது வரும். அதில் யாரையும் வெல்டிங் அடிக்க விடாதீர்கள். 6061-டி6 மாதிரி பதப்படுத்திய அலுமினியம் வெல்டிங் சூட்டில் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும், வெளியே ஒன்றுமே தெரியாது. போல்ட்தான், நடுவே நைலான் வாஷர் வைத்து.

மாட்டும்போது

போல்ட் ஆணி மாதிரி நின்று சுமையைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இறுக்கினால் போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி நீள்கிறது. அந்த இழுப்பில் இரண்டு தகடும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, உராய்வால்தான் நகராமல் நிற்கின்றன. இறுக்கம் போனால் எட்டுப் புள்ளி எட்டானாலும் ஓட்டைக்குள் ஆடும் கம்பிதான். அதனால் சுமை தாங்கும் இணைப்பின் நடுவில் ரப்பர் ஷீட், கார்பெட், தடிமனான பெயிண்ட் எதுவும் வைக்காதீர்கள். அது நாளுக்கு நாள் அமுங்க, இறுக்கம் கசிந்துவிடும். எம்12 8.8 போல்ட்டுக்கு வறண்ட மரையில் இறுக்கம் 80 முதல் 85 நியூட்டன் மீட்டர், எம்10-க்கு 45 முதல் 50. மரையில் கிரீஸ் இருந்தால் கால்வாசி குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் போல்ட்டை நீட்டிவிடுவீர்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரிஞ்ச் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பைப் செருகி ஏறி நிற்பது அளவு ஆகாது.

எம்12-க்குத் துளை 13 மி.மீ. தகட்டின் ஓரத்திலிருந்து துளையின் மையம் 25 மி.மீ.யாவது உள்ளே இருக்கட்டும். குழல் சட்டத்தின் ஊடாகப் போல்ட் போகிறதென்றால் உள்ளே அதே நீளத்துக்கு ஒரு தடித்த பைப் துண்டு வேண்டும். அது இல்லாமல் இறுக்கினால் சட்டம் டப்பா மாதிரி நசுங்கும், நசுங்கிய சட்டம் ஒருநாளும் இறுக்கத்தை வைத்திருக்காது. அந்தப் பைப்பைத் தொட்டிக்குப் போகும் முன்னாலேயே வைத்து வெல்டிங் அடித்துவிடுங்கள்.

ஸ்பிரிங் வாஷர் நம் ஊர்ப் பழக்கம். முழுதாக இறுக்கியதும் அது தட்டையாகிச் சாதா வாஷர் ஆகிவிடும். பக்கவாட்டு அதிர்வில் நட்டு எப்படித் தானாகக் கழல்கிறது என்று 1969-இல் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் சோதித்துக் காட்டிவிட்டார். அதன் பிறகும் நாக்தேவியில் ஸ்பிரிங் வாஷரைக் கிலோக் கணக்கில்தான் விற்கிறார்கள். நான் உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு போடுகிறேன். ஒருமுறை கழற்றினால் புதுசு.

பாகம் பாகமாகச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான் மிச்சம். படகுப் பலகையில் உருண்டைத் தலை வைத்த கேரியேஜ் போல்ட். தலை மரத்துக்குள் அரை அங்குலம் அமிழ்ந்து, மேலே கார்பெட் மூட வேண்டும், இல்லாவிட்டால் படகின் அடிவயிற்றைக் கீறிவிடும். தாங்கியில் ஒரே ஒரு போல்ட் என்றால் பலகை படகின் சாய்வுக்கு ஏற்ப ஆடி உட்காரும். மட்கார்டை ஒருபோதும் வெல்டிங் அடிக்காதீர்கள். மெல்லிய தகடு, ஓயாத நடுக்கம், ஓரத்தில் கிழியும். ஆக்சிலையும் யு-போல்ட்டில்தான் விடவேண்டும். படகை ஏற்றிப் பார்த்து ஹிட்ச்சில் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் விழுகிற மாதிரி முன்னும் பின்னும் தள்ளிச் சரிபண்ண அதுதான் வழி. குறைந்தால் பின்பக்கம் வாலாட்டும். காரின் பின்னால் இருக்கிற 50 மி.மீ. பந்தைக் கவ்வும் கப்ளரை இரண்டு 8.8 போல்ட்டில் முன்சட்டத்தின் பக்கச் சுவர் வழியாகப் பிடியுங்கள், உள்ளே அந்தப் பைப் துண்டோடு. பாதுகாப்புச் சங்கிலிக்குத் தனித் துளை, தனி போல்ட். கப்ளர் போல்ட்டிலேயே சங்கிலியையும் மாட்டினால் அது போகும்போது இதுவும் போகும், பிறகு சங்கிலி எதற்கு? சங்கிலி வளையத்தை வெல்டிங் அடித்து ஒட்டவும் கூடாது. பதப்படுத்திய சங்கிலி சூடு பட்டால் அந்த வளையம் மட்டும் சாதா கம்பி ஆகிவிடும்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. பிறகு நாரளி பௌர்ணமிக்குக் இங்கத்து மீனவர்களான கோலி மக்கள் கடலில் தேங்காய் விட்டதும் எல்லோருக்கும் ஒரே நாளில் படகு ஞாபகம் வரும், எனக்கும் அப்போதுதான் வேலை குவியும். மாட்டுங்கா சார் அதற்கு முன்பே வந்தது புண்ணியம். வண்டியை எடுத்துப் போகும் நாளில் ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து ஒரே கோடாக மஞ்சள் பெயிண்ட் இழுத்துக் கொடுத்தேன். முதல் 50 கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்க வேண்டும், கடலில் இறங்கி ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு இன்னொருமுறை. அதன்பிறகு குனிந்து பார்த்தால் போதும், கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.

அடல் சேது கடல் பாலம் தாண்டியதும் அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, வின்ச்சில ஒரு கோடு மட்டும் ஒரு நூல் விலகியிருக்கு, இறுக்கிட்டேன். இறுக்கினதுக்கு அப்புறம் புதுக்கோடு போட பெயிண்ட் இல்லையே?"

"மாமிகிட்ட நெயில் பாலிஷ் இருக்கான்னு கேளுங்க சார்" என்றேன். இப்போது அந்த டிரெய்லரில் ஒரு கோடு மட்டும் சிவப்பு.